வில்லியம் மார்ஷல்: 5 மகன்களுக்கும் வாரிசு இல்லை, சொத்து 13 பேருக்குப் பிரிந்தது எப்படி?

வரைபடவாசி (கேள்வி)

வணக்கம். இங்கிலாந்தின் வில்லியம் மார்ஷல் குடும்பத்துக்கு வம்ச மரமும், நிலம் யார் யாருக்குப் போனது என்று காட்டும் வரைபடமும் தயார் செய்துகொண்டிருக்கிறேன். 1189இல் இசபெல் டி கிளேரைக் கல்யாணம் செய்தார், 1199இல் பெம்புரோக் (வேல்ஸில் உள்ளது) ஏர்ல், அதாவது அந்தப் பகுதியின் பிரபு, ஆனார், 1216 முதல் சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக நாட்டை ஆண்டார், 14 மே 1219இல் கேவர்ஷமில் இறந்தார். இதுவரை சிக்கல் இல்லை. மகன்கள் வில்லியம், ரிச்சர்ட், கில்பர்ட், வால்டர், ஆன்செல்ம். ஐந்து பேரும் வரிசையாகப் பட்டத்துக்கு வந்து, ஐந்து பேரும் பிள்ளையில்லாமல் போய்விட்டார்கள். 1245 டிசம்பருக்குப் பிறகுதான் என் படம் குழம்புகிறது.

1. சில பட்டியல்களில் 5 வாரிசுகள், சிலவற்றில் 11, சிலவற்றில் 13. எது சரி?
2. மார்ஷல் பதவி (அரசவையின் பரம்பரைப் பதவி) மூத்த மகள் மட்டில்டாவுக்குப் போனது. பெம்புரோக் மட்டும் கடைசி மகள் ஜோனின் வழிக்கு எப்படிப் போனது?
3. சொத்துக் கணக்குகளில் மகன்களின் மனைவிமார் பெயர் 1270கள் வரை வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளையில்லாத விதவைகளுக்கு அங்கே என்ன வேலை?
4. ஐந்து பேருக்கும் பிள்ளை இல்லாதது ஒரு பிஷப்பின் சாபம் என்கிறார்களே, அதைத் தவிர வேறு விளக்கம் உண்டா?

---

பாகப்பிரிவு

முதல் கேள்வி தெளிந்தால் மற்றவை தானே வரும். 1219இலிருந்து கீழ்நோக்கி வரைவதுதான் பெரும்பாலான மரங்களில் நடக்கும் தவறு. ஆன்செல்ம் இறந்த நாளில், அதாவது 1245 கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்பு, யார் உயிரோடு இருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். அன்றைக்குத்தான் வாரிசுரிமை திறந்தது.

அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் மகன்கள் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். மகன் இல்லை, மகள்கள்தான் என்றால் மூப்பு பார்க்காமல் சம பங்கு. இறந்துபோன மகளின் பங்கு அவள் வாரிசுக்கு இறங்கும். அங்கே மறுபடியும் அதே விதி: அவளுக்கு மகன் இருந்தால் மூத்த மகன் ஒருவனுக்கு மட்டும், இல்லாவிட்டால் மகள்கள் எல்லோருக்கும் சமமாக. ஆன்செல்மின் ஐந்து சகோதரிகளுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள்.

மட்டில்டா அன்று உயிரோடு இருந்தார் (1248இல்தான் இறந்தார்). அவருக்கு 1/5. பிறகு அது மூத்த மகன் ரோஜர் பிகட், நார்ஃபோக் ஏர்லுக்கு.

இசபெல் 1240இலேயே இறந்துவிட்டார். முதல் கணவர் கில்பர்ட் டி கிளேர் வழியில் பிறந்த மூத்த மகன் ரிச்சர்ட் டி கிளேர், குளோஸ்டர் ஏர்ல். அவருக்கு 1/5 முழுதும்.

சிபிலும் அதற்கு முன்பே இறந்துவிட்டார். கணவர் வில்லியம் டி ஃபெரர்ஸ். சிபிலுக்கு ஏழு மகள்கள், மகன் கிடையாது. 1/5ஐ ஏழாகப் பிரித்தால் ஆளுக்கு 1/35.

ஈவா 1245இல் இருந்தார், 1246இல் இறந்தார். கணவர் வில்லியம் டி பிரையோஸை 1230இலேயே வேல்ஸின் லிவெலின் தூக்கிலிட்டுவிட்டார். மகள்கள் மாட்டில்டா (மார்ட்டிமர் மனைவி), ஈவா (கான்டிலூப் மனைவி), எலினோர் (போஹுன் மனைவி) ஆகிய மூவருக்கும் தலா 1/15. நான்காவது மகள் இசபெல்லா, வேல்ஸ் இளவரசர் டாஃபித்தின் மனைவி, பிள்ளையில்லாதவர். இறுதிக் கணக்கில் அவர் நிற்பதில்லை.

ஜோன் 1234இல் இறந்தவர். கணவர் வாரின் டி மன்சென்சி. மகன் ஜான் 1247இல் இறந்ததும் 1/5 முழுதும் மகள் ஜோனுக்கு வந்தது.

1 + 1 + 7 + 3 + 1 = 13. ஐந்து என்பவர்கள் பங்குகளை எண்ணுகிறார்கள், பதின்மூன்று என்பவர்கள் ஆட்களை. பதினொன்று என்பவர்கள் ஆன்செல்ம் இறந்த நாளின் கணக்கை எடுக்கிறார்கள்: அன்று ஈவா உயிரோடு இருந்ததால் மகள்கள் மூவருக்குப் பதில் அவர் ஒருவர். ஃபெரர்ஸ் பெண்களில் யாரையும் விட்டுவிடாதீர்கள். ஆக்னஸ், இசபெல், மாட், சிபில், ஜோன், அகதா, எலினோர் என்று ஏழு பெயரும் உங்கள் மரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழுக்கும் இடம் மறுமணம். இசபெல்லின் இரண்டாம் கணவர் ரிச்சர்ட் ஆஃப் கார்ன்வால், அரசரின் தம்பி. அவர்கள் மகன் ஹென்றியும் மார்ஷலின் பேரன்தான், ஆனால் இளைய மகன் என்பதால் ஒன்றுமில்லை. மட்டில்டாவின் இரண்டாம் கல்யாணத்தில் பிறந்த ஜான் டி வாரனுக்கும் அதே கதி. வில்லியம் டி ஃபெரர்ஸுக்கு இரண்டாம் மனைவி வழியில் ராபர்ட் என்று மகன் உண்டு. டார்பி ஏர்ல் பட்டம் அவனுக்கு, மார்ஷல் நிலத்தில் ஒரு காணி கிடையாது, ஏனென்றால் அவன் சிபில் வயிற்றில் பிறக்கவில்லை. வாரினின் இளைய தாரத்து மகன் வில்லியம் டி மன்சென்சியும் அப்படியே. இந்த நான்கு பேரையும் மரத்தில் வேறு நிறத்தில் போடுங்கள்.

மனைவியின் நிலத்தைக் கணவன் ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளும் உரிமை ஒன்று உண்டு, குழந்தை உயிரோடு பிறந்திருந்தால். ஆனால் நிலம் அவள் கைக்கு வந்த பிறகு அவள் இறந்திருக்க வேண்டும். இசபெல், சிபில், ஜோன் மூவரும் 1245க்கு முன்பே போய்விட்டதால் ரிச்சர்ட் ஆஃப் கார்ன்வால், ஃபெரர்ஸ், வாரின் மூவருக்கும் அந்த வழி அடைபட்டது.

---

கோட்டைப்பித்தன்

இரண்டாவது கேள்விக்கு. பதவியும் நிலமும் வந்த வழி வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பம்தான்.

அரச மார்ஷல் பதவி வில்லியம் மார்ஷலின் அப்பா ஜான் வழிச் சொத்து. அண்ணன் 1194இல் இறந்தபோது பெர்க்‌ஷயரின் ஹாம்ஸ்டெட் மார்ஷலோடு சேர்ந்து இவருக்கு வந்தது. பதவியை ஐந்தாக வெட்ட முடியாது. பிரிக்க முடியாதது மூத்தவளுக்கு என்பது மரபு. 1246இல் கோலை மட்டில்டா கையில் கொடுத்தார்கள், அவர் மகன் ரோஜர் பிகட்டிடம் ஒப்படைத்தார். ஹாம்ஸ்டெட் மார்ஷலும் அதோடு போனது. இன்றைக்கும் அந்தப் பதவி நார்ஃபோக் பிரபுக்களிடம் இருப்பதன் வேர் இதுதான், இடையில் பலமுறை அரசரிடம் போய் வந்தாலும்.

மற்ற பெரிய நிலமெல்லாம் மனைவி இசபெல் டி கிளேர் கொண்டுவந்தது. செப்ஸ்டோவும் வேல்ஸ் எல்லை நிலங்களும் அவள் அப்பா ஸ்ட்ராங்போ வழி. லென்ஸ்டர் (அயர்லாந்தின் தென்கிழக்குப் பகுதி) அவள் அம்மா ஈஃபே வழி, அதாவது லென்ஸ்டர் அரசர் டியர்மட் மக்மரோவின் பேத்தி என்ற முறையில். 1207இல் அரசர் ஜான் கூப்பிட்டு அயர்லாந்தை விட்டுப் புறப்பட்டபோது மார்ஷல் கில்கென்னியில் தன் ஆட்களைக் கூட்டி, கர்ப்பிணியாக இருந்த மனைவியை முன்னிறுத்தி, உங்கள் பிறவித் தலைவி இவள்தான், எனக்கு இங்கே உள்ளதெல்லாம் இவள் வழியாக வந்தது என்று பேசியதாக அவரைப் பற்றிய பழைய பிரெஞ்சுச் செய்யுள் சொல்கிறது. அது பணிவுப் பேச்சு மட்டும் அல்ல, சட்ட நிலையே அதுதான். லென்ஸ்டர் பெண்வழியில் வந்து பெண்வழியிலேயே போனது.

லென்ஸ்டர் பிரிவு 1247 மே மாதம் முடிந்தது. ஐந்து பங்குக்கும் ஐந்து தலைமையிடம்:

கார்லோ பிகட்டுக்கு. கில்கென்னி கிளேருக்கு. கில்டேர் ஃபெரர்ஸ் பெண்களுக்கு. டனமேஸைத் தலைமையாகக் கொண்ட லீஷ் பிரையோஸ் பெண்கள் வழியே மார்ட்டிமருக்கு. வெக்ஸ்ஃபோர்ட் மன்சென்சி வழிக்கு.

வேல்ஸில் செப்ஸ்டோ பிகட்டுக்கு, அஸ்க் கிளேருக்கு, பெம்புரோக் மன்சென்சி வழிக்கு, கில்கெரன் கான்டிலூப்புக்கு. இங்கிலாந்தில் கேவர்ஷம் கிளேருக்கு, குட்ரிச் மன்சென்சி வழிக்கு.

ஆகவே கடைசி மகள் என்பதால் பெம்புரோக் கிடைக்கவில்லை. ஆண்டு மதிப்பைச் சமப்படுத்தும்போது அந்தப் பொதிக்குள் அது விழுந்தது. ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் ஆட்களைச் சத்தியம் செய்ய வைத்து, உழுநிலம், புல்வெளி, ஆலை, வாடகை, நீதிமன்ற வருமானம் எல்லாவற்றுக்கும் ஆண்டு மதிப்பு எழுதி வாங்குவார்கள். அந்தத் தொகைகளைக் கூட்டித்தான் ஐந்து சம பொதி கட்டுவது. பங்காளிகள் வீட்டுப் பாகப்பிரிவினையில் வயலை இவனுக்கும் தோப்பை அவனுக்கும் வைத்துக் கணக்கை நேர்செய்வது போலத்தான்.

வரைபடத்துக்கு ஓர் எச்சரிக்கை. இன்றைய மாவட்ட எல்லையை அப்படியே வண்ணமிடாதீர்கள். மார்ஷல் உருவாக்கிய துறைமுக ஊர் நியூ ராஸ் இன்று வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில் இருக்கிறது. பங்கில் அது பிகட்டுடையது, கார்லோவோடு சேர்ந்தது. படைமானிய நிலங்களும் தேவாலய நியமன உரிமைகளும் தனிப் பட்டியலாகப் பிரிக்கப்பட்டன. கில்கென்னிப் பங்குக்காரரின் மானியம் வேறொருவர் எல்லைக்குள் கிடக்கும்.

இன்னொன்று: ஈவாவின் மகள்களுக்கு அப்பா வழியில் தனியாக ஒரு பிரையோஸ் சொத்தும் உண்டு. பிரெக்கன் போஹுனுக்கும் அபர்கவெனி கான்டிலூப்புக்கும் போனது அந்தக் கணக்கில். அதை மார்ஷல் நிலம் என்று வண்ணமிட்ட வரைபடங்கள் இணையத்தில் நிறைய.

---

நாணயக்கணக்கு

விதவைகள் விஷயம்தான் இதில் சுவாரஸ்யமானது. யாரும் சரியாக வரைவதில்லை.

கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு ஆயுள் முழுக்க. பிள்ளை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மறுமணம் செய்தாலும் பங்கு போகாது, புதுக் கணவனோடு சேர்ந்து போகும். அவள் இறந்தால்தான் நிலம் வாரிசுக்குத் திரும்பும். இந்த மூன்றில் ஒரு பங்கை மாக்னா கார்ட்டாவில் வெளிப்படையாக எழுதியது 1217 மறுவெளியீடு. அப்போது ஹென்றிக்குத் தனி முத்திரை இல்லை. அந்தச் சாசனத்தில் முத்திரையிட்டவர்கள் போப்பின் தூதர் குவாலாவும், நம்ம வில்லியம் மார்ஷலும்.

இனி அவர் மருமகள்களைப் பாருங்கள்.

மூத்த மகன் வில்லியம் 1224இல் அரசரின் தங்கை எலினோரைக் கட்டினார். பெண்ணுக்கு 9 வயது. 1231 ஏப்ரலில் அவர் இறந்தபோது அவளுக்கு 16ஐத் தாண்டவில்லை. அயர்லாந்து, வேல்ஸ் நிலங்களில் அவளுக்கு வரவேண்டிய பங்குக்குப் பதில் ஆண்டுக்கு 400 பவுண்ட் ரொக்கம் என்று பேசி முடித்தார்கள். 1238இல் அவள் சைமன் டி மான்ட்ஃபோர்ட்டை மறுமணம் செய்தாள். நிலத்தின் உண்மை மதிப்போடு ஒப்பிட்டால் 400 மிகக் குறைவு என்று தம்பதியர் அரசரோடு விடாமல் வழக்காடினார்கள். அரசருக்கும் மான்ட்ஃபோர்ட்டுக்கும் முற்றிய பகையில் இந்தப் பாக்கிக்கும் பங்கு உண்டு. எலினோர் இறந்தது 1275இல். கணவன் போய் 44 ஆண்டு அந்தச் சொத்தின் மேல் அவள் உரிமை உட்கார்ந்திருந்தது. உங்கள் 1270கள் புதிருக்கு விடை அவள்தான்.

நான்காம் மகன் வால்டர் 1242இல் கட்டியது லிங்கன் சீமாட்டி மார்கரெட் டி குவின்ஸியை. அவர் ஏற்கெனவே ஜான் டி லேஸியின் விதவை. வால்டர் 1245 நவம்பர் இறுதியில் குட்ரிச்சில் இறந்ததும் மார்ஷல் நிலத்தில் மூன்றில் ஒன்று அவருக்கு. 1266 வரை வாழ்ந்தார்.

கணக்கைச் சட்டப்படி போடுங்கள். மொத்தத்தை 1 என்று வையுங்கள். எலினோரின் 1/3ஐ முதலில் கழித்தால் 2/3. வால்டர் கையில் இருந்த அந்த 2/3இல் மார்கரெட்டுக்கு மூன்றில் ஒன்று, அதாவது 2/9. பாக்கி 4/9. அதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு சகோதரி பங்கு 4/45, கிட்டத்தட்ட 9 சதவீதம். மார்கரெட் ஒருவருக்கே 22 சதவீதம். ஃபெரர்ஸ் பெண் ஒருத்திக்கு 4/315, அதாவது 1.3 சதவீதத்துக்கும் கீழே. எலினோர் விஷயத்தில் ரொக்கமாக மாறியதால் நடைமுறை எண்கள் வேறுபடும், ஆனால் வாரிசு யாரையும்விட விதவை கையில் அதிகம் என்ற நிலை மாறாது.

எலினோரின் 400 பவுண்டுக்கு அரசரே பிணை நின்றிருந்தார். பங்கு சிதறிய பின் அதைப் பத்துப் பதின்மூன்று பேரிடம் துண்டு துண்டாக வசூலிக்க வேண்டியதாயிற்று. பாக்கி விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு பெயர்க் குழப்பம்: சிபில் இறந்த பிறகு வில்லியம் டி ஃபெரர்ஸ் கட்டிய இரண்டாம் மனைவியின் பெயரும் மார்கரெட் டி குவின்ஸிதான். அவர் வின்செஸ்டர் ஏர்ல் ரோஜரின் மகள். வால்டரின் மனைவி வேறு, ராபர்ட் டி குவின்ஸியின் மகள். இருவரையும் ஒன்றாக்கினால் மரம் ஒரு வட்டமாகிவிடும்.

---

ஏட்டுப்புழு

சாபம் பற்றி. அயர்லாந்தில் ஃபெர்ன்ஸ் பிஷப்பின் இரண்டு பண்ணைகளை மார்ஷல் எடுத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை, பிஷப் சபித்தார், ஒரே தலைமுறையில் ஆண்வழி அற்றுப்போனது என்று எழுதியவர் செயின்ட் ஆல்பன்ஸ் துறவி மத்தேயு பாரிஸ். நில வழக்கு உண்மை. சாபம் பலித்த கதைக்கு வடிவம் வந்தது குடும்பம் அழிந்த பிறகு. முடிவு தெரிந்த பின் எழுதப்படும் சாபங்கள் தவறுவதே இல்லை.

சாபத்தைத் தள்ளிவைத்துக் கல்யாணத் தேதிகளைப் பாருங்கள். மூத்தவரின் முதல் மனைவி இளம் வயதிலேயே இறந்தாள், இரண்டாமவள் 9 வயதுச் சிறுமி. ரிச்சர்ட் மூன்று ஆண்டுதான் ஏர்லாக இருந்தார். வின்செஸ்டர் பிஷப் பீட்டர் டெ ரோஷ் கூட்டத்தை எதிர்த்து அரசரோடு மோதி, 1 ஏப்ரல் 1234இல் அயர்லாந்தின் கர்ராவில் காயப்பட்டு, இரண்டு வாரத்தில் கில்கென்னியில் இறந்தார். கில்பர்ட் குருத்துவத்துக்கு என்று வளர்க்கப்பட்டவர். 1235இல்தான் ஸ்காட்லாந்து அரசரின் தங்கை மார்ஜரியைக் கட்டினார், 1241இல் அரசர் தடைசெய்திருந்த போர்விளையாட்டில் கடிவாளம் அறுந்து குதிரையில் இழுபட்டு இறந்தார். வால்டர் கல்யாணமாகி நான்கு ஆண்டு நிறையவில்லை. ஆன்செல்ம் அண்ணன் இறந்து ஒரு மாதத்தில் போய்விட்டார், பட்டம் முறைப்படி ஏற்கவும் இல்லை. ஏர்ல் பட்டியலில் அவரை எண்ணுவதா வேண்டாமா என்பது பட்டியல் போடுபவரைப் பொறுத்தது. பிள்ளை இல்லாததற்கு உடற்குறை தேடத் தேவையில்லை.

இளைய பிள்ளைகளுக்கு அப்பா என்ன வைத்தார் என்பதையும் மேலே சொன்ன அந்தப் பிரெஞ்சுச் செய்யுள் சொல்கிறது. 19,000 வரிகளுக்கு மேல் நீளும் அதில் மரணப்படுக்கைப் பகுதிதான் வரவுசெலவு படிப்பவர்களுக்குப் பொக்கிஷம். ரிச்சர்டுக்கு நார்மண்டி நிலம். வால்டருக்கு குட்ரிச். ஆன்செல்ம் தன் திறமையால் முன்னுக்கு வரட்டும் என்று ஒன்றும் வைக்க நினைக்கவில்லை. பழைய சேவகர் ஜான் ஆஃப் எர்லி கேட்டுக்கொண்ட பிறகு 140 பவுண்ட் வருமான நிலம். கல்யாணமாகாத மகள் ஜோனுக்கு 30 பவுண்ட் வருமான நிலமும் 200 மார்க் ரொக்கமும். ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ், எனவே 133 பவுண்ட் சொச்சம். அந்த ஜோன் வழியில்தான் பின்னால் பெம்புரோக்கே போனது.

அதே படுக்கையில், கிட்டங்கியில் கிடக்கும் ரோமம் வைத்துத் தைத்த 80 அங்கிகளை விற்று ஆன்ம மோட்சத்துக்குச் செலவிடலாமே என்று ஓர் எழுத்தர் சொல்ல, பெந்தெகொஸ்தேக்கு என் வீரர்களுக்கு உடுப்புக் கொடுக்கும் வழக்கம், இது கடைசி முறை, வாயை மூடு என்று மார்ஷல் அவனை அடக்குகிறார். அவர் ஆட்சி எப்படி ஓடியது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். ஆனால் ஒன்று: செய்யுளை எழுதச் செய்தது மகன் வில்லியம், தகவல் தந்தது ஜான் ஆஃப் எர்லி. குடும்பத்துக்குச் சாதகமாகவே பேசும். தொகைகளை நம்பலாம், புகழுரையைக் கொஞ்சம் உதறி எடுக்க வேண்டும்.

---

வரைபடவாசி

எல்லோருக்கும் நன்றி. நான்கு பேரை வேறு நிறத்தில் போட்டுவிட்டேன், நியூ ராஸையும் பிரெக்கனையும் மாற்றிவிட்டேன். இரண்டு சந்தேகம் பாக்கி. பெம்புரோக் பங்கோடு ஏர்ல் பட்டமும் சேர்ந்து போனதா? விதவைகளுக்கு மூன்றில் ஒன்று என்றால் கோட்டையும் அதில் அடங்குமா?

---

பாகப்பிரிவு

பட்டம் சேர்ந்து போகவில்லை. ஜோன் டி மன்சென்சியை 1247 ஆகஸ்டில் கட்டியவர் வில்லியம் டி வாலன்ஸ், அரசரின் தாய்வழித் தம்பி, பிரான்சிலிருந்து அந்த ஆண்டுதான் வந்தவர். சொத்து பெண்ணுடையது, கணவன் அவள் உரிமையில் பெம்புரோக்கை ஆண்டார். ஏர்ல் என்று முறைப்படி நியமிக்கப்படவில்லை. அம்மா ஜோன் 1307இல் இறந்த பிறகு மகன் ஐமர்தான் பெம்புரோக் ஏர்ல் என்று அழைக்கப்பட்டார். 1245க்கும் 1307க்கும் இடையே உங்கள் ஏர்ல் பட்டியலில் வெற்றிடம் விடுங்கள், வில்லியம் டி வாலன்ஸ் பெயரை அடைப்புக்குறிக்குள் போடலாம்.

கோட்டைக்கு: கணவன் இறந்தால் விதவை 40 நாள் அந்த வீட்டில் தங்கலாம், வீடு கோட்டையாக இருந்தால் மட்டும் அந்த உரிமை இல்லை என்பது மாக்னா கார்ட்டாவின் மறுவெளியீடுகளில் வரும் விதி. எல்லைக் கோட்டையை விதவை கையில், அவளை யார் மறுமணம் செய்வானோ அவன் கையில், விட அரசர் விரும்பமாட்டார். அதனால் மூன்றில் ஒரு பங்கைப் பெரும்பாலும் பண்ணைகளாகவும் வாடகையாகவும் கணக்கிட்டுத் தருவார்கள். வரைபடத்தில் கோட்டைப் புள்ளியை வாரிசின் நிறத்திலும் சுற்றுவட்டப் பண்ணைகளைக் கோடுபோட்ட நிறத்திலும் காட்டுவது சரியாக இருக்கும்.

---

கோட்டைப்பித்தன்

1247க்குப் பிறகு அம்புக்குறி போடப்போகிறீர்கள் என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அயர்லாந்துப் பங்குகள் மேலும் மேலும் உடைந்தன. கில்டேரை ஆக்னஸ் ஃபெரர்ஸின் மகன் வில்லியம் டி வெஸி 1297இல் அரசரிடம் ஒப்படைத்துவிட்டார். கார்லோவும் செப்ஸ்டோவும் கடைசி பிகட் 1306இல் பிள்ளையில்லாமல் இறந்ததும் அரசரிடம் போயின. அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1302இல், பட்டத்தையும் மார்ஷல் பதவியையும் அரசர் எட்வர்டிடம் எழுதிக்கொடுத்துத் திரும்பப் பெற்றபோதே அந்த முடிவு எழுதப்பட்டாயிற்று. கில்கென்னி இன்னும் மோசம். கிளேர் வம்சத்தின் கடைசி ஆண்மகன் கில்பர்ட் 1314இல் பானக்பர்னில் விழுந்தார், மூன்று சகோதரிகளுக்கு மறுபடியும் பாகப்பிரிவினை. கோட்டையை 1391இல் ஆர்மண்ட் ஏர்ல் ஜேம்ஸ் பட்லர் விலைக்கு வாங்கினார்.

பழைய ஆவணங்களில் தேதி பார்க்கும்போது ஆட்சியாண்டைக் கவனியுங்கள். ஹென்றியின் ஆண்டு அக்டோபர் 28இல் தொடங்கும். ஆன்செல்ம் இறந்த டிசம்பர் 1245 ஆட்சியாண்டு 30இல் வரும், லென்ஸ்டர் பிரிவு நடந்த மே 1247 ஆட்சியாண்டு 31இல். சும்மா 1216ஐக் கூட்டினால் அக்டோபர் 28 முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிகள் ஓராண்டு தள்ளிப்போகும்.